கணக்கு நோட்டோடு கிராமத்துக்கு வந்த மனுசர் – ஜே.சி. குமரப்பா

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



வருஷா வருஷம் நம்ம விழாவுல சேமிப்பு எவ்வளவு, வங்கிக் கடன் எவ்வளவு, எத்தனை பேர் ஒழுங்காக் கட்டினாங்கன்னு அறிக்கை வாசிப்போம். இந்த வருஷம் தலைவி அக்கா, "பணத்தைப் பத்தி யோசிச்ச பெரியவங்க ஒருத்தரைப் பத்தியும் நம்ம ஆளுக தெரிஞ்சுக்கணும், நீ படிச்சிட்டு வந்து பேசு"ன்னு சொன்னாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. பொருளாதார அறிஞர்னா டெல்லியில் இருப்பார், பட்ஜெட் போடுவார், நமக்குப் புரியாத பாஷை பேசுவார்னுதான் நம்ம எல்லாருக்கும் நினைப்பு. ஆனா நூலகத்துல தேடினப்ப நம்ம பக்கத்துலயே கடைசிக் காலத்தைக் கழிச்ச ஒருத்தர் கிடைச்சார். தேனியில் இருந்து உசிலம்பட்டி, பேரையூர் வழியாப் போனா டி.கல்லுப்பட்டி வரும். அங்கே காந்தி நிகேதன் ஆசிரமத்துல ஒரு எளிய குடிசையில் இருந்தவர். பேரு ஜே.சி. குமரப்பா.

அவர் பிறந்தது 1892 ஜனவரி 4, தஞ்சாவூர்ல. கிறிஸ்தவக் குடும்பம். அப்ப அவர் பேரு ஜோசப் செல்லத்துரை கார்னிலியஸ். குமரப்பாங்கிறது குடும்பத்தோட பழைய பேரு, அதைப் பின்னாடி அவரே எடுத்து வச்சுக்கிட்டார். லண்டனுக்குப் போய் ஆடிட்டர் படிப்பு படிச்சார். பம்பாய்ல ஆடிட்டரா நல்ல வருமானத்தோட இருந்தார். கோட்டு சூட்டு போட்ட துரை மாதிரி வாழ்க்கை. அப்புறம் அமெரிக்கா போய் நியூயார்க்ல கொலம்பியா பல்கலைக்கழகத்துல பொருளாதாரம் படிச்சார். அங்கே செலிக்மன்னு ஒரு பேராசிரியர். இந்தியா ஏன் ஏழையா இருக்குன்னு குமரப்பா ஒரு கூட்டத்துல பேசினது அவர் காதுக்கு வந்து, "அதையே ஆராய்ச்சி பண்ணு"ன்னு சொன்னார்.

குமரப்பா என்ன செஞ்சார்? ஆடிட்டர் இல்லையா, வெள்ளைக்காரன் கணக்கையே எடுத்துப் புரட்டினார். நம்ம ஜனங்ககிட்ட வாங்குற வரி எவ்வளவு, அது எங்கே போகுதுன்னு பாத்தார். பட்டாளத்துக்கும், கடன் வட்டிக்கும், அதிகாரிகள் சம்பளத்துக்கும் பெரும்பகுதி போகுது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, விவசாயம்னு வரும்போது கை சுருங்குது. குடியானவன் சோம்பேறி, அதனால ஏழைன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. இல்லை, அவன்கிட்ட வாங்குற காசு அவனுக்குத் திரும்ப வரலை, அதனால ஏழைன்னு கணக்கைக் காட்டி எழுதினார். அவர் வாழ்க்கை பூரா கேட்ட கேள்வி இந்த ஒண்ணுதான்: காசு யார் கையில இருந்து கிளம்புது, யார் கைக்குப் போய்ச் சேருது?

1929-ல் ஊர் திரும்பி, அந்த எழுத்தை அச்சுப் போடணும்னு சபர்மதி ஆசிரமத்துக்கு காந்தியைப் பார்க்கப் போனார். மரத்தடியில் சாணி மெழுகின தரையில் உட்கார்ந்து நூல் நூத்துக்கிட்டு இருந்த பெரியவர்தான் காந்தின்னு தெரியாம, கொஞ்ச நேரம் வேடிக்கை பாத்துக்கிட்டே நின்னாராம். தெரிஞ்ச பிறகு அந்த சூட்டோடயே தரையில் உட்கார்ந்தார். அதுக்கப்புறம் பம்பாய்த் தொழிலுக்குத் திரும்பிப் போகவே இல்லை. கதர் கட்டிக்கிட்டார்.

காந்தி அவருக்குக் கொடுத்த முதல் வேலை, குஜராத்துல கேடா மாவட்டத்துல மாத்தர் தாலுகான்னு ஒரு பகுதி, அங்கே ஐம்பதுக்கும் மேல கிராமங்கள்ல வீடு வீடாப் போய் வரவு செலவு கணக்கு எடுக்கிறது. காலேஜ் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு அந்த வேலையைச் செஞ்சார். சர்வே எடுக்க வந்தவங்க நம்ம வீட்டுலயும், "மாடு எத்தனை, நிலம் எவ்வளவு, கடன் எவ்வளவு"ன்னு கேட்டிருக்காங்கல்ல, அது மாதிரிதான். அந்தக் காலத்துல அப்படி ஏழை வீட்டு அடுப்படி வரைக்கும் போய்க் கணக்கு எடுத்தவங்க ரொம்பக் குறைவு.

இப்ப சொல்லப்போறது நம்ம பொருளாளர் அக்காமார்கள் கவனிக்க வேண்டியது. 1934 ஜனவரி 15-ந் தேதி பீகார்ல பெரிய பூகம்பம். ஊர் ஊரா தரைமட்டம். ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரண வேலை நடந்துச்சு, பணக் கணக்கு குமரப்பா பொறுப்பு. தொண்டர்களுக்குச் சாப்பாட்டுச் செலவு ஒரு நாளைக்கு மூணு அணான்னு அவர் கட்டு வச்சிருந்தார். அப்ப காந்தி தன் ஆட்களோட வந்தார். குமரப்பா காந்தியோட செயலாளர் மகாதேவ தேசாய்கிட்ட, "உங்க கூட்டத்துக்கு ஆகுற செலவை நிவாரண நிதியில் இருந்து தர முடியாது, வேற ஏற்பாடு பண்ணிக்கங்க"ன்னு சொல்லிட்டார். காந்தியே கூப்பிட்டுக் கேட்டப்பவும் அதேதான். இது பூகம்பத்துல வீடு இழந்தவங்க காசுங்கிறதுதான் அவர் நியாயம். காந்தியும் சரின்னு ஒத்துக்கிட்டார். அவர் குருவாக் கும்பிட்ட மனுசருக்கே ரசீது இல்லாம காசு இல்லை. நம்ம குழுவுல தலைவி வந்தாலும், ஊக்குநர் வந்தாலும், தீர்மான நோட்டுல எழுதாம பெட்டியைத் திறக்கக் கூடாதுன்னு வச்சிருக்கோமே, அது சின்ன விஷயம் இல்லை. உறுப்பினரோட காசு உறுப்பினரோடதுங்கிற மரியாதை அது.

அதே 1934 கடைசியில காந்தி அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை ஆரம்பிச்சார். வார்தாவுல மகன்வாடிங்கிற இடத்துல குமரப்பா அதை நடத்தினார். கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், பனை வெல்லம், தேனீ வளர்ப்பு, கைக் காகிதம், சோப்பு, இதெல்லாம் அங்கே நடந்த வேலைகள். மண்ணெண்ணெய்க்குப் பதிலா ஊர்ல கிடைக்கிற தாவர எண்ணெயில் எரியுற மகன் தீபம்னு ஒரு விளக்கும் அங்கே உருவாச்சு. மண்ணெண்ணெய் வாங்குற காசு கப்பல் ஏறிப் போயிரும், எண்ணெய் விளக்குக்குக் கொடுக்கிற காசு ஊர்ச் செக்காட்டிகிட்ட நிக்கும். அவ்வளவுதான் விஷயம்.

அவர் சொல்ற பொருளாதாரம் புரியறதுக்கு நம்ம எண்ணெய்க் கணக்கையே எடுத்துக்குவோம். ஒரு பகுதியில 200 வீடு, வீட்டுக்கு மாசம் 2 லிட்டர் கடலை எண்ணெய்னு வச்சுக்கங்க. 400 லிட்டர் ஆச்சு. ரெண்டரை கிலோ பருப்பு ஆட்டினா சுமாரா ஒரு லிட்டர் எண்ணெய் வரும். அப்ப மாசம் 1 டன் பருப்பு வேணும். எண்ணெய் போக அரை டன்னுக்கு மேல புண்ணாக்கு கிடைக்கும். ஆண்டிபட்டி பக்கம் மானாவாரிக் காட்டுல விளையுற கடலையை இங்கேயே ஆட்டினா, கடலை போட்டவருக்கு விலை, உடைச்சுக் கொடுத்த பொம்பளைகளுக்குக் கூலி, செக்குக்காரருக்கு வேலை, மாட்டுக்குப் புண்ணாக்கு, அந்த மாட்டுச் சாணம் திரும்பக் காட்டுக்கு எரு. நாலு கை, அஞ்சு கை மாறி ஊருக்குள்ளேயே சுத்துது. அதே கடலை மூட்டையா வெளியூர் போய், எண்ணெய் பாக்கெட்டா திரும்பி வந்தா? நம்ம கையில மிஞ்சுறது எண்ணெயும் காலி பாக்கெட்டும்தான். கூலியும் போச்சு, புண்ணாக்கும் போச்சு, எருவும் போச்சு. ரெண்டு வழியிலயும் தாளிக்க எண்ணெய் கிடைக்குது. ஆனா ஊருக்கு ரெண்டும் ஒண்ணு இல்லை. குமரப்பா பாக்கச் சொன்னது இதைத்தான்.

வாங்குறவங்களுக்கும் பொறுப்பு உண்டுன்னு அவர் எழுதினார். திருட்டுச் சாமான்னு தெரிஞ்சு வாங்கினா வாங்கினவங்களுக்கும் பங்கு இருக்குல்ல, அதுபோல வேலை செஞ்சவங்க வயித்துல அடிச்சு மலிவா வந்த சாமானை வாங்கினா, அந்தப் பாவத்துல நமக்கும் பங்கு உண்டுங்கிறார். நம்ம ஏலத்தோட்டத்துக்கு ஜீப்புல போய் வர்ற பொம்பளைகளுக்கு இது நல்லாப் புரியும். போடியில ஏலக்காய் என்ன விலைக்கு ஏலம் போச்சுன்னு பேப்பர்ல வருது. காய் எடுத்தவளோட கூலி அதுக்குத் தக்க ஏறுச்சான்னு நம்மதான் கேக்கணும்.

வெள்ளையனே வெளியேறு போராட்டத்துல அவர் ஜெயிலுக்குப் போனார். ஜபல்பூர் ஜெயில்ல உட்கார்ந்து எழுதினதுதான் நிலைத்த பொருளாதாரத்தைப் பத்தின அவரோட பேர்பெற்ற புத்தகம். 1945-ல் காந்தி அதுக்கு முன்னுரை எழுதினப்ப குமரப்பாவை 'கிராமத் தொழில்களின் டாக்டர்'னு குறிப்பிட்டார். அந்தப் புத்தகத்துல அஞ்சு மாதிரி பொழப்பைச் சொல்றார். ஒண்ணு புலி. எதைத் தின்னுதோ அதைக் கொன்னுதான் தின்னும். ரெண்டு குரங்கு. தோப்புல பழத்தைப் பறிச்சுத் தின்னும், தோப்புக்குத் தண்ணி ஊத்தாது. மூணு பறவை. தானே உழைச்சுத் தன் கூட்டைக் கட்டும். நாலு தேனீ. தனக்குன்னு இல்லாம கூட்டத்துக்கே சேர்க்கும். அஞ்சாவது, எல்லாத்துக்கும் மேல, தாய். குஞ்சுக்கு இரை ஊட்டுற தாய்ப் பறவை கணக்கு வச்சு ஊட்டுறதில்லை.

தேனிக்காரங்க நமக்குத் தேனீ உதாரணத்தை விளக்கவும் வேணுமா? நம்ம குழுவே அதுதான். மாசம் போடுற சந்தா, உள்கடனுக்குக் கட்டுற வட்டி, எல்லாம் திரும்ப நம்ம குழுவுக்கே வருது. ஆனா வீட்டு வாசல்ல வாரா வாரம் வந்து நிக்கிற கடன் எந்த ரகம்னு நீங்களே சொல்லுங்க. எங்க தெருவுல ஒரு அக்கா. மூணு இடத்துல வாரக் கடன். ஒண்ணைக் கட்ட இன்னொண்ணு வாங்கி, அதைக் கட்ட தோட்டை அடகு வச்சு, கடைசியில் ராத்திரியோட ராத்திரியா வீட்டைக் காலி பண்ணிட்டுத் திருப்பூர் பக்கம் போயிட்டாங்க. அந்த அக்கா சோம்பேறி இல்லை. விடிய அஞ்சு மணிக்கு எந்திரிச்சு வேலைக்குப் போனவங்க. வாரம் தவறாம அவங்க உழைப்பு தெருவை விட்டு வெளியே போய்க்கிட்டே இருந்துச்சு, அவ்வளவுதான். குமரப்பா வெள்ளைக்காரன் கணக்குல எதைக் கண்டுபிடிச்சாரோ, அதேதான் அந்த அக்கா வீட்டுலயும் நடந்திருக்கு.

இன்னொரு விஷயமும் அவர் அப்பவே சொன்னார். நிலக்கரி, பெட்ரோல் மாதிரி எடுக்க எடுக்கத் தீர்ந்து போறதை நம்பி வாழ்றது தொட்டித் தண்ணியை நம்பி வாழ்றது மாதிரி. காடு, பயிர், மாடு மாதிரி திரும்பத் திரும்ப வர்றதை நம்பி வாழ்றது ஓடுற ஆத்துத் தண்ணி மாதிரி. தொட்டி காலியாகும்போது சண்டை வரும், யுத்தம் வரும்னார். போர்க்குழாயை இன்னும் ஆழமா, இன்னும் ஆழமான்னு இறக்கிக்கிட்டே போற நம்ம ஊர்க்காரங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

சரி, அவர் சொன்னது எல்லாம் சரியா? பெரியவர்னு கும்பிட்டுட்டு மட்டும் போனா அது அவருக்கே பிடிக்காது, அவர் ஆடிட்டர். அதனால எனக்குத் தோணுறதையும் சொல்றேன்.

முதல் விஷயம், கைக்குத்தல் அரிசி. தவிட்டோட சத்து மில்லுல போயிருதுன்னு அவர் சொன்னது உண்மை. ஆனா உலக்கையைப் பிடிச்ச கை யாரோடது? எங்க அப்பத்தா நெல்லுக் குத்திக் குத்தி உள்ளங்கை காய்ச்சுப் போயிருக்கும். குத்தி, புடைச்சு, அப்புறம்தான் உலை வைக்கணும். மில்லு வந்தப்ப அவங்க மாதிரி பொம்பளைகளுக்குத்தான் முதல்ல மூச்சு வந்துச்சு. குமரப்பா கல்யாணம் பண்ணிக்காதவர். வீட்டு வேலையோட பாரம் அவர் புத்தகத்துல இருக்க வேண்டிய அளவுக்கு இல்லைங்கிறது என் கருத்து. தாயோட சேவையை உச்சியில வச்சார், நல்லது. ஆனா கணக்குப் பாக்காம உழைக்கிறான்னு சொல்லிச் சொல்லியே தாயோட உழைப்பைக் கணக்குலயே சேர்க்காம விட்டவங்கதான் அதிகம். அவளுக்கும் கூலி, அவளுக்கும் ஓய்வு, அவ பேர்லயும் பட்டான்னு நம்ம சேர்த்துக்கணும்.

ரெண்டாவது, பெரிய வேலைகள். முல்லைப் பெரியாறு அணை 1895-ல் கட்டி முடிஞ்சது. அந்தத் தண்ணி இல்லைன்னா கம்பம் பள்ளத்தாக்குல ரெண்டு போகம் நெல்லு ஏது? அது ஒரு கிராமம் தனியாச் செய்யுற வேலை இல்லை. அதனால பெருசு எல்லாம் கெட்டதுன்னு நம்ம எடுத்துக்க முடியாது. அவரும் கருவிக்கு எதிரி இல்லை. அவரோட சங்கமே செக்கையும் அடுப்பையும் விளக்கையும் மேம்படுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு. மனுசனை வேலையை விட்டுத் துரத்துற மிஷினைத்தான் வேண்டாம்னார். இன்னைக்குக் கரண்டு வந்தாச்சு. சின்ன மோட்டார் செக்கு, மாவு மிஷின், மிளகாய் அரைக்கிறது, எல்லாம் நம்ம தெருவுலயே வைக்கலாம். அவர் காலத்துல முதுகு ஒடிய செஞ்ச வேலையை நம்ம முதுகு ஒடியாம செய்ய முடியும். அவர் யோசனை நிறைவேற அவர் காலத்தை விட நம்ம காலம்தான் தோதானது.

மூணாவது, அவர் பேச்சு டெல்லியில எடுபடலை. சுதந்திரம் வந்த பிறகு காங்கிரஸ் போட்ட நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர்தான் தலைவர். உழுறவங்களுக்கே நிலம், ஒரு குடும்பம் வச்சுக்கிற நிலத்துக்கு உச்சவரம்புன்னு 1949-ல் அந்தக் குழு அறிக்கை கொடுத்துச்சு. நம்ம மாநிலத்துல உச்சவரம்புச் சட்டம் வந்தது 1961-ல். அதுக்கு முன்னாடியே அவர் காலமாயிட்டார். 1956-ல் ஆரம்பிச்ச ரெண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் கனரகத் தொழிலுக்குத்தான் முதலிடம் கொடுத்துச்சு. கிராமத் தொழில் ஓரத்துக்குப் போச்சு. அவர் சண்டை போட்டார், எழுதினார், உடம்பும் முடியாம போச்சு, கல்லுப்பட்டிக்கு வந்தார். அவர் குடிசையில் ரெண்டு படம் இருந்ததாச் சொல்வாங்க. காந்தி படத்தைக் காட்டி இவர் என் எஜமானர்னும், ஒரு ஏழைக் குடியானவர் படத்தைக் காட்டி இவர் என் எஜமானருக்கே எஜமானர்னும் வர்றவங்ககிட்டச் சொல்வாராம். 1960 ஜனவரி 30, காந்தி மறைஞ்ச அதே தேதியில் அவரும் மறைஞ்சார்.

அவர் தோத்துட்டாரான்னு நான் யோசிச்சேன். டெல்லிக் கணக்குல பாத்தா தோத்தவர்தான். ஆனா இன்னைக்கு ஊருக்கு ஊரு மரச்செக்கு எண்ணெய், சிறுதானியம், நாட்டுச் சர்க்கரைன்னு போர்டு தொங்குது. பெரிய படிப்பு படிச்சவங்க மண்ணையும் தண்ணியையும் காப்பாத்தணும்னு பேசுறாங்க. அவர் எழுபது, எண்பது வருஷத்துக்கு முன்னாடியே சொன்னது. ஒரு வருத்தம், அந்தச் செக்கு எண்ணெய் இப்ப வசதியானவங்க வீட்டு எண்ணெய் ஆகிப்போச்சு. விலையைக் கேட்டாலே நம்ம ஆளுக பாக்கெட் எண்ணெய்க்குத் திரும்பிர்றாங்க. ஏழைக்காக யோசிச்சதை ஏழையே வாங்க முடியலைன்னா அது பாதிதான் ஜெயிச்ச மாதிரி. மீதிப் பாதி நம்ம கையில இருக்கு.

அதைத்தான் இந்த மேடையில சொல்லணும்னு வந்தேன். அடுத்த மாசக் கூட்டத்துல ரெண்டு யோசனை முடிவுக்கு வருது. ஒண்ணு, வெளியூர்ச் சாமானை ஏஜென்சி எடுத்து உறுப்பினர்கள் மூலமா விக்கிறது. கமிஷன் உடனே வரும், தலைவலி குறைவு. இன்னொண்ணு, கூட்டமைப்புக் கடன்ல ஒரு மோட்டார் செக்கும் மாவு மிஷினும் போடுறது. முதல் வருஷம் கஷ்டம், மிஷின் ரிப்பேர் ஆகும், எண்ணெய் விலை பாக்கெட்டை விடக் கூடத்தான் இருக்கும். ரெண்டையும் மறைக்காமச் சொல்லிட்டேன். என் ஓட்டு செக்குக்குத்தான். ஆனா ஒரு நிபந்தனை. மாசாமாசம் வாங்குறோம்னு 200 வீடு முன்கூட்டியே பேர் கொடுக்கணும். கடலை அறுப்புக் காலத்துலயே மொத்தமா வாங்கணும். புண்ணாக்கு வித்த காசையும் கணக்குல சேர்த்து உறுப்பினருக்கு விலையைக் குறைக்கணும். கடலை உடைக்கிற வேலையைப் புருஷன் இல்லாத, நிரந்தர வேலை இல்லாத அக்காமார்களுக்கு முதல்ல கொடுக்கணும். இதெல்லாம் நடக்காதுன்னா செக்கும் வேண்டாம். பேருக்கு ஒரு போர்டு மாட்டுறதுல பிரயோஜனம் இல்லை.

குமரப்பாவோட புத்தகம் எல்லாத்தையும் நம்ம படிக்க முடியாது. கடன் கேட்டு ஒரு உறுப்பினர் வரும்போதும், கூட்டமைப்பு ஒரு தொழில் ஆரம்பிக்கும்போதும் மூணு கேள்வி கேட்டாப் போதும். இந்தக் காசு எங்கே போய்ச் சேரும்? போற வழியில நம்ம ஆளுக எத்தனை பேர் கைக்குக் கூலியாப் போகும்? இதுக்காக யார் முதுகு ஒடியும்? பதிலைத் தீர்மான நோட்டுல எழுதி வச்சு, வருஷக் கடைசியில எடுத்துப் பாக்கணும். சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவுன்னு வாசிக்கிற அறிக்கையில, அடுத்த வருஷம் ஊருக்குள்ள நின்ன காசு எவ்வளவுன்னு ஒரு வரி சேரட்டும்.